கேட் போட்டிருக்கு

தாம்பரத்தில் டாக்டர் ஸ்ரீநிவாசராகவனின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் ஷீலா பதினோரு வருஷமாக வேலை பார்த்து வந்தாள். வருகிறவர்களை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைப்பாள். ஹெட்போனை மாட்டிவிட்டு, 'பீப்' சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கச் சொல்வாள். எந்தச் சத்தம் எந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது என்று வரைபடம் போட்டு டாக்டரிடம் கொடுப்பாள். அந்த அறை ஆறடிக்கு ஆறடி. சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்சு. கதவைச் சாத்திவிட்டால் ஜி.எஸ்.டி. ரோடு இல்லை, ஸ்டேஷன் அறிவிப்பு இல்லை, தலைக்கு மேல் சுற்றும் விமானப்படை விமானம் இல்லை. முதல் தடவை உள்ளே போகிறவர்கள் தங்கள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே மிரண்டுபோவார்கள். ஷீலாவுக்கு அந்த நிசப்தம் பிடித்துப்போயிருந்தது.

ஜூன் மாதம் புது மெஷின் வந்தது. பழையதை அப்புறப்படுத்தும்போது அதன் அடியிலிருந்த இழுப்பறையை அவள் ஒழித்தாள். சோதனைச் சொற்கள் பதிவான பழைய சிடிக்களுக்கு நடுவே, மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படாத ஒரு சிடி கிடந்தது. அட்டையில் மூடிய ரயில்வே கேட்டின் படம். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் நிற்கிறது, ஓட்டுகிறவர் தலை படத்துக்குள் வரவில்லை. 'கேட் போட்டிருக்கு' என்று தலைப்பு. கீழே சின்ன எழுத்தில் 'முதல் தொகுப்பு, ஒன்பது பாடல்கள், 2009'. பாடியவர்கள் பெயர் எங்கும் இல்லை. 'கடப்பேரி மூவர்' என்று மட்டும் போட்டிருந்தது.

"இது யாரோடது சார்?"

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "யாரோ ஒரு பேஷன்ட் குடுத்தார்மா. நாங்க பாடினது, கேட்டுட்டுச் சொல்லுங்கன்னார். எங்க நேரம் கெடைக்குது?" சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "நீ வேணா எடுத்துக்கோ."

பகல் ஒன்றரைக்கு டாக்டர் சாப்பிடப் போனால் நாலரைக்குத்தான் வருவார். அன்று ஷீலா தயிர்சாதத்தை முடித்துவிட்டு, அறைக்குள் பழைய சிடி பிளேயரில் அதைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு எழுந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

முதலில் ஒரு கிடார். கம்பியில் விரல் வழுக்கும் சத்தம்கூடத் தெளிவாக இருந்தது. பின்னால் இன்னொரு கிடார், அதைவிடத் தயங்கித் தயங்கி. பிறகு ஓர் ஆண்குரல், அடிவயிற்றிலிருந்து, பேசுகிற மாதிரியே:

கேட் போட்டிருக்கு, அந்தப் பக்கம் நீ.
ரயில் போற வரைக்கும் இந்தப் பக்கம் நான்.

'ரயில்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை அந்தக் குரல் விடவில்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே கொஞ்ச நேரம் அதில் நின்றது. அந்த நிற்றலுக்குள் இன்னொரு ஆண்குரல் வந்து சேர்ந்தது. அதற்கும் மேலே, மிக உயரத்தில், ஒரு பெண்குரல். மூன்றும் ஒரே பாட்டைத்தான் பாடின, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஒரே ஏரியில் மூன்று பறவைகள் தனித்தனியாக இறங்குவதைப்போல இறங்கி, ஒரு சொல்லில் சேர்ந்து, மறுபடி பிரிந்தன. சினிமாப்பாட்டு இல்லை, நாட்டுப்பாட்டும் இல்லை. சர்ச்சில் கேட்ட பாடகர் குழுவின் அடுக்கு அதில் இருந்தது. ஆனால் பாட்டு என்னவோ தண்ணி லாரியைப் பற்றியும், மொட்டைமாடியில் காயும் துணியை விமானச் சத்தம் ஆட்டுவதைப் பற்றியும். ஏழாவது பாட்டில் சொல்லே கிடையாது. கிடாரும் வெறும் முனகலும்தான். அதைக் கேட்கும்போது பீர்க்கன்காரணை ஏரிமேல் விடியற்காலையில் தங்கும் வெண்மை ஷீலாவின் கண்முன் வந்து நின்றது. அவள் அதைப் பள்ளிக்கூட நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள்.

வெளியே வந்தபோது மணி மூன்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்களும் ஆட்டோக்களும் தண்ணீருக்கடியில் ஓடுகிற மாதிரி இருந்தது.

பிறகு தினம் மத்தியானம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பெண்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போவாள். மறுநாள் நடுக்குரலை. அந்த நடுக்குரல் தனக்கென்று எதையும் கேட்காமல் மற்ற இரண்டுக்கும் இடம் விட்டுவிட்டுப் போவதைக் கண்டுபிடித்த நாளில் அதே பாட்டை நாலு தடவை போட்டுக் கேட்டாள். இவ்வளவு நல்ல பாட்டை ஊரில் யாருமே கேட்டிருக்கவில்லை. நெட்டில் தேடினாள், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் கணவன் டேனியலிடம் காப்பி எடுத்துத் தரச் சொன்னாள்.

"இப்ப எந்த லேப்டாப்ல ஷீலா சிடி போடற எடம் இருக்கு? பாடிக் காட்டேன், எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

அவள் பாடிக் காட்டினாள். மூன்று குரலையும் ஒரே தொண்டையில் எப்படிப் பாடுவது? டேனியல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கொட்டாவி விட்டான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், பெயர் சவுரிமுத்து. ரயில்வே பணிமனையில் முப்பது வருஷமாக ஃபிட்டர். மனைவி தபீதாள்தான் பேசினாள்.

"நான் கூப்ட்டா இவருக்குக் கேக்கல மேடம். எதிர் வூட்டு நாய் கொலைச்சா மட்டும் நல்லா கேக்குது. பசிக்குதான்னு கேட்டா, படியில யாரு நிக்கறாங்கன்னு போய் பாத்துட்டு வராரு."

"இவ வாய்க்குள்ளயே பேசறா மேடம்" என்றார் சவுரிமுத்து. "என் காதுக்கு ஒண்ணும் இல்ல."

ஷீலா அவரை அறைக்குள் உட்கார வைத்து, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தன் மெஷின் முன்னால் அமர்ந்தாள். கனமான சத்தங்களுக்கெல்லாம் அவர் உடனே பொத்தானை அமுக்கினார். அவள் பலகையில் சின்னப் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. சத்தம் கீச்சென்று மேலே போகப்போக விளக்கு எரிவது குறைந்தது. பறவைக்குரல் உயரத்துக்கு வந்தபோது எரியவே இல்லை. வரைபடத்தில் கோடு பாறை விளிம்பில் இறங்குவதுபோல இறங்கியது. இரண்டு காதிலும்.

அடுத்து சொற்கள். அவள் மைக்கில் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"சட்டை."

"கட்டை."

"பசி."

"படி."

"ரயில்."

"ரயில்" என்றார் அவர். கடைசி எழுத்தை விடாமல், நாக்கை மேலே வைத்தபடி, அதில் ஒரு நொடி நின்றார்.

ஷீலாவுக்கு அடுத்த சொல் மறந்துபோயிற்று. கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், எழுத்து ஒன்றும் புரியவில்லை. உள்ளே அவர் தலையைத் தூக்கி, என்ன ஆச்சு என்பதுபோலக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சமாளித்துக்கொண்டு மீதியை முடித்தாள். அவர் வெளியே வந்ததும் முதல் வேலையாக, "சார், நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டாள்.

தபீதாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

இழுப்பறையைத் திறந்து ஷீலா சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ரெண்டு மாசமா தினமும் கேக்கறேன் சார். ஒன்பது பாட்டும் எனக்கு மனப்பாடம்."

சவுரிமுத்து அந்த அட்டையைத் தொடாமலே பார்த்தார். "இது இன்னுமா கீது? வீணாப் போன சிடி மேடம் இது. தூக்கிப் போடுங்க."

"ஏன் சார் அப்படிச் சொல்றீங்க?"

"கேட்டீங்க இல்ல? பொம்பளக் குரல் எங்கனா தெரியுதா? சர்ச்சுல இவ பாடினா, கடைசி பெஞ்சுல தூங்கறவன் எழுந்து குந்துவான். அந்தக் குரலைக் கொண்டுபோய் போர்வைக்குள்ள போட்டு அமுக்கினமாதிரி பண்ணிட்டான் எங்ககூடப் பாடின பாலு. ஸ்டுடியோல குந்தி எல்லாத்தையும் சேத்தவன் அவன்தான். அவன் குரல் மட்டும் கணீர்னு கீது." பதினாறு வருஷத்துக் கோபம் நேற்று வந்ததைப்போல அவர் கழுத்து நரம்பில் துடித்தது. "ஐநூறு சிடி போட்டோம். நாலே நாள் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தேன். அப்புறம் வெக்கமாப் பூடுச்சு. பொட்டியோட பரண்ல ஏத்திட்டேன். அவன் மூஞ்சில முழிக்கறது இல்ல."

அக்கா குரல் அமுங்கவே இல்லையே என்ற வார்த்தை ஷீலாவின் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் கண் வரைபடத்துக்குப் போனது. பாறையிலிருந்து இறங்கும் அந்தக் கோடு. வாயை மூடிக்கொண்டாள். காது மெஷின் பொருத்திப் பார்க்க செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அனுப்பினாள்.

அன்று மத்தியானம் அவள் பாட்டுக் கேட்கவில்லை. டாக்டரின் பழைய நோயாளி அட்டைகள் இருக்கும் பீரோவைக் குடைந்தாள். 2009 மார்ச் கட்டில் சவுரிமுத்துவின் பெயர் இருந்தது. காதில் ரீங்காரம் என்று வந்திருக்கிறார். அதோடு இணைத்திருந்த வரைபடத்தில் அப்போதே ஒரு பள்ளம், இப்போது இருப்பதில் பாதி ஆழம். 'இரைச்சலில் வேலை. காதில் பஞ்சு வைக்கவும். ஆறு மாதத்தில் திரும்ப வரவும்' என்று டாக்டரின் கையெழுத்து. அவர் திரும்ப வரவே இல்லை.

ஆக, பாலு யாரையும் அமுக்கவில்லை. பணிமனை இரைச்சலில் தேய்ந்துகொண்டிருந்த காது, கட்டின மனைவியின் குரலையே மறைத்துவிட்டது. அந்தக் காதை நம்பி அந்த மனிதர் நண்பனை விட்டார், பாட்டை விட்டார், தானே செய்ததைத் தானே பரணில் ஏற்றினார். இதை ஒருவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் போனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மெஷின் மாட்டிக்கொள்வார், பசியும் படியும் சரியாகக் கேட்கும். சொன்னால் பதினாறு வருஷத்தைத் தூக்கி மடியில் வைத்ததாகிவிடும்.

டாக்டரிடம் கேட்டாள். அவர் இரண்டு வரைபடங்களையும் வெகுநேரம் பார்த்தார். "நான் அன்னிக்கே அந்த சிடியைக் கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "கேட்டிருந்தா, பிரமாதமா இருக்கு சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம்மா. அவரே கேக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை ஷீலா அவருக்கு இரண்டு காதின் பின்னாலும் மெஷினை மாட்டினாள். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "தகர டப்பாவுக்குள்ள குந்தினமாதிரி கீது மேடம். என் செருப்புச் சத்தமே பேஜாரா கீது." அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் குறைத்துக் கூட்டினாள். பேச்சுக்கு ஒரு அளவு, பாட்டுக்கு வேறு ஒரு அளவு. முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு அவரை அறைக்குள் உட்கார வைத்து, "ஒரே ஒரு பாட்டு சார், எனக்காக" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பழக்கதோஷத்தில் அவர் சோதனைப் பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டார். ஷீலாவும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கண்ணாடிக்கு வெளியே ஷீலாவும் தபீதாளும் நின்றார்கள். கிடார் தொடங்கியது. அவர் குரல் வந்தது. தன் குரலைக் கேட்கும் எவரையும்போலக் கொஞ்சம் முகம் சுளித்துக் கேட்டார். பாலுவின் குரல் சேர்ந்தது. அவர் தாடை இறுகியது. பிறகு மேலேயிருந்து அந்தக் குரல் இறங்கியது.

ஷீலாவின் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது.

அவர் பொத்தானை அமுக்கியதை அவரே அறியவில்லை. கண் மூடியிருந்தது. பெண்குரல் ஓய்ந்தபோது விளக்கு அணைந்தது. மறுபடி வந்தபோது எரிந்தது. பாட்டு முழுக்க அப்படியே நடந்தது. அந்தக் குரல் எங்கே நுழைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எந்தச் சொல்லின் விளிம்பில் நடுங்குகிறது என்று அந்த விளக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடைசி வரியில் அவள் குரல் நீண்டது. விளக்கும் அத்தனை நேரம் எரிந்தது.

தபீதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம், என் குரலு நல்லாத்தான் கேக்குதுன்னு. அவரு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றேன்னு நெனைச்சிகினாரு." மெல்லிய குரலில் சேர்த்தாள்: "அப்புறம் நானும் விட்டுட்டேன். எனக்காக ஒரு மனுஷன் இப்படிச் சண்ட போடறாரேன்னு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. அத யாருகிட்ட சொல்றது?"

கதவைத் திறந்து வெளியே வந்த சவுரிமுத்து தண்ணீர் கேட்டார். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். ஷீலா பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முப்பது வருஷம் அளவெடுத்து வேலை பார்த்த மனிதருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தேதியைப் பார்த்தார். பள்ளத்தின்மேல் விரலை வைத்தார். அந்த விரல் அங்கேயே இருந்தது.

"பாலு இப்போ எங்க கீறான் தபீ?"

"காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன் பக்கம். ஜெராக்ஸ் கடை. அப்பத்துலேர்ந்து அங்கதான் கீறாரு."

"இந்தப் பேப்பரை நான் எடுத்துக்கலாமா மேடம்?"

அவர்கள் இருவரும் ஸ்டேஷன் பக்கம் நடந்து போவதை ஷீலா வாசலில் நின்று பார்த்தாள். பாதி வழியில் அவர் நின்று, தலையைச் சாய்த்து, எதையோ கேட்டார். குருவியாக இருக்கலாம், இல்லை தபீதாளின் கொலுசாக இருக்கலாம். இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?

காட்டாங்குளத்தூரில் நடந்ததைத் தபீதாள் அடுத்த மாதம் வந்தபோது சொன்னாள். கடையில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். பாலு குனிந்த தலை நிமிராமல் காகிதத்தை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். சவுரிமுத்து வரிசையில் நின்றிருக்கிறார். தன் முறை வந்ததும் வரைபடத்தை மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"எத்தினி காப்பின்னு கேட்டாரு மேடம். ஆளப் பாக்கவே இல்ல. இவரு, 'காப்பி வேணாண்டா, படி'ன்னாரு. குரலக் கேட்டதும் அப்படியே நின்னுட்டாரு பாலு அண்ணன்."

"அப்புறம்?"

"இவரு புள்ளி புள்ளியா வெரல் வெச்சி சொன்னாரு. இது இவ குரலு, இது எனக்குக் கேக்கல, தேதியப் பாரு, தப்பு என் காதுலடான்னு. பாலு அண்ணன் அத மெஷின்ல வெச்சி ஒரு காப்பி எடுத்துகினு, இவரோட பேப்பரத் திருப்பிக் குடுத்தாரு. 'பதினாறு வருஷம்டா'ன்னாரு. அவ்ளோதான். அடுத்த ஆளு வந்துட்டான். நாங்க கெளம்பிட்டோம்."

"கோபமா இருந்தாரா அக்கா?"

"இல்லாம? ஞாயித்துக்கெழம வருவாருன்னு இவரு வாசலயே பாத்துகினு இருந்தாரு. வரல. அடுத்த ஞாயிறும் வரல. போன வாரம் சர்ச்சு வுட்டு வந்தா, வூட்டு வாசல்ல கிடாரோட நிக்கறாரு. 'வர்ற வாரமும் வரேன்'னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்களும் வரணும் மேடம். உங்க வூட்டு சாரையும் கூட்டிகினு வாங்க."

இரும்புலியூரில் அந்த ஞாயிறு மத்தியானம் மெல்லிய தூறல். பிரியாணி முடிந்து, பரணிலிருந்து இறக்கிய பெட்டி அவர்கள் வீட்டு முன்கூடத்தின் நடுவில் திறந்து கிடந்தது. உள்ளே சிடிக்கள் கண்ணாடித்தாள் பிரியாமல், ஒரு ஊர் ஜனம் வரிசையில் நிற்பதைப்போல அடுக்கி இருந்தன. ஒல்லியாக, நரைத்த தாடியோடு இருந்த பாலு, ஷீலாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிச்சுது?"

"ஏழாவது. சொல்லே இல்லாதது."

"அதுல நான் ஒரு எடத்துல தப்பா வாசிச்சிருப்பேன்."

"ரெண்டாவது நிமிஷத்துல. தெரியும் சார். அது இல்லேன்னா அந்தப் பாட்டு நல்லாவே இருக்காது."

பாலு கிடாரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வெகுநேரம் முறுக்காணியைத் திருகினார். அவர் சிரிப்பை மறைக்கிறார் என்று ஷீலாவுக்குத் தோன்றியது.

ஆரம்பித்தார்கள். தபீதாளின் குரல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை; நடுவழியில் உடைந்தது. "வயசாயிடுச்சு" என்று நிறுத்திவிட்டாள். பாலு கிடாரில் சுருதியை நன்றாக இறக்கினார். இரண்டாம் முறை சவுரிமுத்து காதிலிருந்த மெஷினில் ஏதோ கீச்சிட, அவர் அதைத் தட்டிக்கொண்டே பாடி, வரியைத் தவறவிட்டார். மூவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். டேனியல் சோபாவில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்; அவன் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. வெளியே ரயில் ஒன்று செங்கல்பட்டுப் பக்கம் போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தார்கள்.

பழைய சிடியில் இருந்த குரல்கள் இவை இல்லை. அடியில் கொஞ்சம் கரகரப்பு, மேலே கொஞ்சம் நடுக்கம். ஆனால் நடுக்குரல் இப்போதும் மற்ற இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் நடந்தது. எந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போவது என்று ஷீலா யோசித்தாள். பிறகு மூன்றையும் விட்டுவிட்டாள். அவை தங்கள் பாட்டுக்கு அவளைச் சுற்றிக்கொண்டு போயின.

மூன்றாம் முறை ஆரம்பித்தபோது யாரும் நிறுத்தவில்லை.